கூண்டா, தாழ்வார மூலையா, சங்கிலியா: மூட்டு ஆபரேஷன் முடிந்த நாயை எங்கே வைப்பது?

நாய்க்கு முழங்கால் ஆபரேஷன் என்று நாள் குறித்தவுடன் செலவைப் பற்றியும் டாக்டரைப் பற்றியும் எல்லோரும் விசாரிப்பார்கள். அது சரிதான். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. வீடு திரும்பிய பிறகு இரண்டு மூன்று மாதம் அந்த நாய் எங்கே படுக்கும், எங்கே நிற்கும், யார் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்? எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில். வாசலில் திண்ணை, அப்புறம் ரேழி, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்னால் கொல்லை, கொல்லை முடிந்தால் வாய்க்கால். டெல்டாவின் பழைய வீடுகள் பலவும் இப்படித்தான். புது வீடுகள் என்றால் வழவழ டைல்ஸும் மாடிப்படியும். இரண்டிலுமே துள்ளுகிற நாயை அடக்கி வைப்பது பெரும்பாடு. எங்கள் லேப்ரடார் ஜிம்மிக்கு ஆபரேஷன் ஆனபோது நாங்கள் யோசித்த வழிகளை இங்கே எழுதுகிறேன். எது யாருக்கு ஒத்துவரும் என்று எனக்குப் பட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது முழங்காலுக்குள் நடப்பது தெரிந்தால்தான் புரியும். நாயின் பின்னங்காலில், கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பின்பக்கமாகச் சரிந்திருக்கும். பெரும்பாலான நாய்களுக்கு அந்தச் சரிவு 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதனால் காலை ஊன்றும்போதெல்லாம் கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது முன் சிலுவைத் தசைநார். நாய்களுக்குப் பெரும்பாலும் இது ஒரே அடியில் அறுவதில்லை. நாள்பட நைந்து வந்து, ஒரு சின்ன ஓட்டத்திலோ திரும்பலிலோ விட்டுப்போகும். லேப்ரடார், ராட்வைலர் மாதிரி கனத்த நாய்களுக்கு இது அதிகம். உடம்பு போட்ட நாய்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஆபரேஷனில் இரண்டு முறைகள் பரவலானவை. டிபிஎல்ஓ என்பதில் கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வளைவாக அறுத்து, சரிவு 5 டிகிரி அளவுக்குக் குறையும்படி திருப்பி வைத்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குவார்கள். அமெரிக்கக் கால்நடை அறுவை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம் 1993-இல் வெளியிட்ட முறை இது. இன்னொன்றில் எலும்பை அறுக்க மாட்டார்கள். மூட்டுக்கு வெளிப்பக்கமாகத் தடித்த நைலான் இழையைக் கட்டி மூட்டை நிறுத்துவார்கள். நாளடைவில் சுற்றியுள்ள சதையே தடித்து இறுகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும். முன்னதில் அறுத்த எலும்பு ஒன்றுசேர வேண்டும். பின்னதில் இழை தளரும் முன் சதை இறுக வேண்டும். இரண்டுக்குமே எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும். பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு முழங்கால் சிரட்டை விலகுவதற்கான ஆபரேஷன் நடக்கும். அதற்கும் ஆறு எட்டு வாரம் அடக்கம் வேண்டும்.

பிளேட் போட்டாச்சே, இனி என்ன பயம் என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். வீட்டுக்குத் தளம் போடும்போது சென்ட்ரிங் முட்டு செய்கிற வேலையைத்தான் பிளேட்டும் செய்கிறது. கான்கிரீட் இறுகும்வரை தாங்கும். அதற்குள் மேலே ஏறி ஆடினால் முட்டும் சேர்ந்து போகும். ஆபரேஷனான நாய் இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே காலை ஊன்றி நடக்க ஆரம்பித்துவிடும். வலி குறைந்திருக்கும், எலும்பு கூடியிருக்காது. நமக்கும் மனசு இளகி, பாவம் கொஞ்சம் விடுவோமே என்று தோன்றும். ஸ்க்ரூ தளர்வதும் நைலான் அறுவதும் பெரும்பாலும் இந்த மாதிரி இளகிய நேரத்தில் நடக்கிற ஒரு தாவலால்தான்.

கூண்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன், டாக்டர்கள் பெரும்பாலும் சொல்வது அதைத்தான் என்பதால். நாய் தலை இடிக்காமல் நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் உள்ளேயே துள்ளும். மடக்குகிற கம்பிக் கூண்டு கடையில் கிடைக்கிறது, லேப்ரடாருக்கு 42 அங்குல நீளம் சரியாக இருக்கும். வெல்டிங் பட்டறையில் சொல்லியும் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் அடியில் கம்பி போட விடாதீர்கள், பலகையோ தகடோ போடச் சொல்லுங்கள். கம்பி இடுக்கில் விரல் மாட்டி இழுத்தால் அதுவே புது வினை.

கூண்டின் பெரிய லாபம், யாரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். குறை என்னவென்றால், நம் ஊர் நாய்களுக்குக் கூண்டு பழக்கமே கிடையாது. காலையில் தெருவைச் சுற்றிவிட்டு, சோற்று நேரத்துக்கு வந்து, மறுபடி வாசலில் படுக்கிற ஜாதி. அதைத் திடீரென்று அடைத்தால் கம்பியைக் கடிக்கும், பிராண்டும், விடிய விடிய ஊளையிடும். அப்படி உள்ளே மல்லுக்கு நிற்கிற நாயின் முழங்கால் வெளியே நடக்கிற நாயின் முழங்காலைவிட அதிகமாக அடிபடும். கூண்டுதான் என்று முடிவு செய்தால் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே வாங்கிக் கதவைத் திறந்து வைத்து, சோறு உள்ளேதான் என்று பழக்கிவிட வேண்டும். இன்னொரு கஷ்டம் வெக்கை. சித்திரை வைகாசியில் சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் இரும்புக் கூண்டை வைப்பது அடுப்புக்குள் வைப்பதற்குச் சமம். கரண்ட் போனால் ஃபேனும் நின்றுவிடும். காற்று ஓடுகிற ரேழியிலோ கூடத்திலோ வைத்து, மேலே கொசுவலை போட்டுவிடுங்கள். வலை கொசுவுக்கு மட்டுமில்லை, தையலில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடாமல் இருக்கவும்தான்.

மூன்று வயதுக்கு உட்பட்ட துறுதுறு நாய், கட்டிலிலும் சோபாவிலும் தாவிப் பழகியது, கூட விளையாட இன்னொரு நாய் இருக்கிற வீடு, சின்னப் பிள்ளைகள் கதவைத் திறந்து திறந்து ஓடுகிற வீடு: இவர்களுக்கெல்லாம் நான் தயங்காமல் கூண்டைத்தான் சொல்வேன்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது தாழ்வாரத்தில் ஒரு மூலையை அடைப்பது. ஜிம்மிக்கு வயது ஆறாகிவிட்டது, ஓரளவு சொன்ன பேச்சுக் கேட்கும். இரண்டு பக்கம் சுவர், மூன்றாம் பக்கம் பழைய கதவுப் பலகை ஒன்றைத் தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினோம். நான்காம் பக்கம் நாங்கள் போய்வர ஒரு மரத்தட்டி. ஆறடிக்கு ஐந்தடி இருக்கும். பலகையின் உயரம் முக்கியம், நாய் முன்னங்காலைத் தூக்கி வைத்து எட்டிப் பார்க்க முடியாத அளவுக்கு இருக்க வேண்டும். எட்டிப் பார்க்கும்போது முழு எடையும் பின்னங்காலில் இறங்கும், ஆபரேஷன் ஆன காலும் அதில் சேர்த்தி.

திண்ணையை ஏன் அடைக்கவில்லை என்று கேட்டார்கள். திண்ணை உயரம், அங்கிருந்து ஒரு முறை குதித்தால் போதும். தெரு நாய், தபால்காரர், அணில் என்று குரைத்து எழுவதற்கு ஆயிரம் காரணம் வேறு வாசலில் இருக்கும். தாழ்வாரத்தில் அந்தத் தொல்லை குறைவு. காற்றும் உண்டு, வீட்டு ஆட்கள் போக வரக் கண்ணில் படுவார்கள். அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். முதல் நாள் என் அத்தை பார்த்துவிட்டு, “ஏம்மா, வாயில்லாச் சீவனை இப்படி அடைச்சு வச்சா தாங்குமா?” என்று கண் கலங்கினார்கள். மறுநாளிலிருந்து கீரை ஆய்வது, மொச்சை உரிப்பது எல்லாம் அந்தத் தட்டிக்கு இந்தப் பக்கம் மனை போட்டு உட்கார்ந்துதான். தட்டி இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு ஜிம்மியும் கிடக்கும். தனி அறையில் கதவைச் சாத்திவிட்டால் இது கிடைக்காது. தனியாகக் கிடக்கிற நாய்தான் எழுந்து எழுந்து அலையும்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். வீட்டில் எப்போதும் ஒரு பெரிய ஆள் இருக்க வேண்டும். வயல் வேலைக்கோ ஆபீசுக்கோ எல்லோரும் கிளம்பிவிடுகிற வீட்டில் மூலையை அடைத்துவிட்டுப் போவது நம்பகமில்லை. தட்டியை ஒரு நாள் சரியாகச் சாத்தாமல் விட்டால் முடிந்தது கதை.

ஒரு விஷயம் கூண்டுக்கும் மூலைக்கும் பொது. நாளில் மிக ஆபத்தான நிமிடம், வெளியே போன ஆள் வீடு திரும்பும் நிமிடம். என் கணவரின் டிவிஎஸ் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே ஜிம்மியின் காது நிமிரும். வண்டி நிற்பதற்குள் உடம்பு முழுக்க ஆடும், பின்னங்கால் இரண்டும் தரையை உதைக்கத் தயாராகிவிடும். அதனால் வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். யார் வந்தாலும் நேராக நாயிடம் போகக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. கை கால் கழுவி, தண்ணீர் குடித்து, அது அடங்கிய பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு கொஞ்சினால் நாய் எழும். உட்கார்ந்து தடவினால் படுக்கும். ஊருக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வருகிற அன்று அவர்களுக்கு இதை முன்கூட்டியே போனில் சொல்லிவிட வேண்டும்.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பல வீடுகளில் கெட்டுப்போவது இங்கேதான். டைல்ஸ், கிரானைட், நன்றாகத் தேய்ந்த சிவப்புத் தரை எல்லாமே நாய்க்கு வழுக்கும். எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் அகலமாக விலகி வழுக்குவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஒரு வழுக்கல் போதும் மூட்டைத் திருக. கோரைப்பாய் போட்டால் பாயே சேர்ந்து நகரும். கனமான ரப்பர் பாய் நல்லது, மாட்டுக் கொட்டகைக்கு விற்கிறார்களே அந்த மாதிரி. அது இல்லையென்றால் சணல் சாக்கைப் பிரித்து, இரண்டு மூன்று அடுக்காகத் தைத்து, ஓரத்தைப் பலகைக்கு அடியில் செருகிவிடலாம். சாக்கு புதிதாகவோ, வெந்நீரில் அலசி வெயிலில் காய்ந்ததாகவோ இருக்கட்டும். கொட்டகையில் கிடந்த சாக்கோடு உண்ணி வரும். ஆபரேஷனான நாய்க்கு உண்ணிக்காய்ச்சலும் சேர்ந்தால் தாங்காது. பாதத்துக்கு அடியில் விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியையும் வெட்டிவிடுங்கள், பிடிப்பு கூடும்.

சங்கிலி. தென்னைமரத்திலோ தூணிலோ கட்டிப்போட்டால் ஓடாதே என்று பலர் நினைக்கிறார்கள். நான் இதற்கு முழுக்க எதிர். சங்கிலி நாயை ஓடவிடாது என்பது பாதி உண்மை. சங்கிலியின் நீளம் வரை ஓடும், முடிவில் வெடுக்கென்று இழுபட்டு நிற்கும், உடம்பு சுழலும். அந்தச் சுழற்சியை வாங்குவது பின்னங்கால் மூட்டு. தூணைச் சுற்றிச் சங்கிலி சிக்கிக்கொண்டால் காலைச் சுற்றியும் சிக்கும். கையில் பிடித்த குட்டை வாரோ, நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கட்டில் காலில் கட்டிய வாரோ சரி. ஆள் நகர்ந்தால் அவிழ்த்துக் கூண்டிலோ மூலையிலோ விட்டுவிட வேண்டும்.

மருத்துவமனையிலேயோ நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற இடத்திலேயோ விடுவது நான்காவது வழி. டெல்டாவுக்குள்ளேயே ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நமக்கெல்லாம் பெரிய ஆறுதல். அதற்கு முன் கல்லூரி மருத்துவமனை என்றால் நாமக்கல், இல்லையென்றால் சென்னை வேப்பேரி. ஆனால் எந்த மருத்துவமனையிலும் ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வைத்துக்கொள்வது அபூர்வம். தங்கும் இடங்களில் முதல் இரண்டு வாரமாவது விடலாமா என்று நாங்களும் யோசித்தோம். நான் பார்த்த ஓர் இடத்தில் பத்துப் பன்னிரண்டு நாய்கள் ஒரே கூடத்தில் மாறி மாறிக் குரைத்துக்கொண்டிருந்தன, உள்ளே தரை ஈரமாக இருந்தது. அங்கே விட மனம் வரவில்லை. இருந்தாலும் வயதானவர்கள் இருவர் மட்டும் இருக்கிற வீடு, முப்பது கிலோ நாயைத் தூக்கித் தாங்க ஆள் இல்லாத வீடு என்றால் நல்ல இடமாக விசாரித்து விடுவதில் தப்பே இல்லை. தனிக்கூண்டு தருகிறார்களா, வாரில் பிடித்துத்தான் வெளியே அழைத்துப் போகிறார்களா, ராத்திரி ஆள் தங்குகிறாரா என்பதைக் கேளுங்கள். மற்ற நாய்களோடு அவிழ்த்து விடுவோம் என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

தூரத்தையும் செலவையும் பார்த்து ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களும் உண்டு. 15 கிலோவுக்கு உட்பட்ட நாய்களில் பல, ஓய்விலும் எடைக் குறைப்பிலும் ஓரளவு நன்றாகவே தேறிவிடும். கனத்த நாய்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. அந்த வழியில் போனாலும் மேலே சொன்ன அடக்கம் அப்படியே வேண்டும். கட்டு வைத்தியம், எண்ணெய் நீவல் என்று யாராவது சொன்னால், அறுந்த தசைநாரை நீவி ஒட்டவைக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். ஆபரேஷனான காலில் மஞ்சள் பற்றும் வேண்டாம், நாய் நக்கித் தையலையும் சேர்த்துப் பிய்க்கும்.

எந்த மாதத்தில் செய்வது என்று தேர்ந்தெடுக்க டாக்டர் இடம் கொடுத்தால், தை, மாசி இரண்டும் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெக்கை தொடங்கியிருக்காது. ஐப்பசி கார்த்திகையில் கொல்லை முழுக்கச் சேறு, ஒன்றுக்கு வெளியே அழைத்துப் போவதற்குள் நாமே இரண்டு முறை வழுக்குவோம். அதோடு தீபாவளி. வெடிச்சத்தத்தில் மிரளுகிற நாய் எந்தத் தட்டியையும் தாண்டும். அந்த வாரம் தவிர்க்க முடியாமல் குறுக்கிட்டால், அமைதிப்படுத்தும் மாத்திரை தர முடியுமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள். இதற்காகப் பல மாதம் தள்ளிப்போடாதீர்கள். ஆடுகிற மூட்டு உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும்.

தையலை நக்கவிடாமல் தடுக்க, கழுத்தில் கூம்பாக மாட்டும் பிளாஸ்டிக் கோன், காற்றடைத்த கழுத்து வளையம், உடம்புக்குச் சட்டை என்று மூன்று விற்கிறது. முழங்கால் தையலுக்குக் கோன்தான். வளையம் போட்ட நாய் கழுத்தை வளைத்துப் பின்னங்காலை எட்டிவிடும். சட்டை நம் வெக்கையில் புழுங்கித் தையலை ஈரமாக்கும். பத்து முதல் பதினான்கு நாளில் தையல் பிரிப்பார்கள். அதுவரை சோற்று நேரம் தவிரக் கழற்றாதீர்கள்.

இனி நடை. இதிலும் மூன்று வழி சொல்வார்கள்: வாரில் பிடித்து நடத்துவது, வாய்க்காலில் நீந்தவிடுவது, வெளியூரில் பிசியோதெரபி. பெருநகரங்களில் தண்ணீருக்குள் நடக்கவைக்கும் டிரெட்மில் உண்டு, அது நல்ல வைத்தியம்தான். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை அவ்வளவு தூரம் வண்டியில் ஆட்டிக்கொண்டு போவது டெல்டாக்காரர்களுக்கு நடக்கிற காரியமில்லை. வாய்க்கால் யோசனை கேட்க நன்றாக இருக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் அப்புறம் கொல்லைப்புறமே தண்ணீர்தானே, மூட்டில் எடை இறங்காதே என்பார்கள். நீச்சல் மூட்டுக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாய் தண்ணீருக்குள் எப்படி இறங்கும், எப்படி ஏறும்? லேப்ரடார் பாய்ந்துதான் இறங்கும். ஏறும்போது களிமண் கரையில் பின்னங்காலால் உந்தி உந்தி வழுக்கும். படித்துறையில் பாசி. இதற்கு மேல் எலிக்காய்ச்சல். நெல்வயல் எலிகளின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக அது நாய்க்கும் வரும், நமக்கும் வரும். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை வாய்க்கால் பக்கமே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆக, வாரில் பிடித்து நடத்துவதுதான். முதல் இரண்டு வாரம் ஒன்றுக்கு இரண்டுக்கு மட்டும், ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை. வயிற்றுக்கு அடியில், பின்னங்காலுக்கு முன்னால், ஈரிழைத் துண்டை மடித்துக் கொடுத்து இரண்டு முனையையும் மேலே சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்க வேண்டாம், வழுக்கினால் தாங்கத்தான் அந்தத் துண்டு. அப்புறம் டாக்டர் சொல்கிறபடி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். எவ்வளவு தூரம் என்பதைவிட எவ்வளவு மெதுவாக என்பதுதான் முக்கியம். வேகமாக நடத்தினால் நாய் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நொண்டிப் போய்விடும். நம் நடையை ஊர்வலத்தேர் வேகத்துக்குக் குறைத்தால் வேறு வழியில்லாமல் நான்காவது காலையும் வைக்கும். ஒவ்வோர் அடியும் அந்தத் தொடைச் சதைக்கு மருந்து. நெல் காயாத நாளில் சிமென்ட் களம் இதற்கு அருமையான இடம், சமதளம், காய்ந்த தரை. விடிகாலையும் இருட்டும் நேரமும் போங்கள், தார்ரோட்டில் வெயில் ஏறினால் பாதம் வெந்துவிடும். தெரு நாய்களுக்காகக் கையில் ஒரு கம்பு இருக்கட்டும். வரப்பு, மணல்மேடு, மாடிப்படி மூன்றும் கூடாது.

முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ் ஒத்தடம் நன்றாகக் கேட்கும். ஐஸைத் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. ஓரிரு நாளில் வீக்கம் முழங்காலிலிருந்து இறங்கிக் குதிகால் மூட்டுப் பக்கம் வந்து நிற்கலாம். நீர் கீழே இறங்குவதுதான், பயப்பட வேண்டாம். அதுவே சூடாக, சிவந்து, தொட்டால் சுருங்குகிற வலியோடு இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டில் பாசத்தைக் கொட்டாதீர்கள். நடமாட்டம் குறைந்த நாய்க்கு வழக்கமான அளவைவிடக் குறைவாகத்தான் வேண்டும். சோற்றைக் குறைத்து, வேகவைத்த கோழிக்கறி, முட்டை, பரங்கிக்காய், கொஞ்சம் தயிர் என்று மாற்றுங்கள். கறிக்குழம்பு ஊற்றிப் பிசைகிற வழக்கத்தை இதோடு விட்டுவிடலாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்துக்குக் கெடுதல். வலிக்கு மெலாக்சிகமோ கார்ப்ரோஃபெனோ டாக்டர் எழுதித் தந்த அளவில் மட்டும். வீட்டில் இருக்கிற பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்கவே கூடாது, வயிற்றில் புண் வரும், ஈரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகும். டாக்டர் தந்த மாத்திரையிலும் வாந்தியோ கறுத்த மலமோ கண்டால் நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

நன்றாக ஊன்றிக்கொண்டிருந்த நாய் திடீரென்று காலைத் தூக்கிக்கொண்டால் அன்றே காட்ட வேண்டும். ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், இழை விட்டிருக்கலாம். நடக்கும்போது மூட்டில் டக் டக் என்று சத்தம் கேட்டால் உள்ளிருக்கிற குருத்தெலும்பு வட்டு கிழிந்திருக்கவும் கூடும்.

பிளேட் போட்டிருந்தால் எட்டாவது வாரம் எக்ஸ்ரே எடுப்பார்கள். நாய் எவ்வளவு அழகாக நடந்தாலும் அந்தப் படத்தில் எலும்பு கூடியது தெரிந்த பிறகுதான் மூலையைத் திறக்க வேண்டும். அதையும் படிப்படியாகச் செய்யுங்கள். முதலில் வீட்டுக்குள் வார் இல்லாமல், பாய் விரித்த இடங்களில் மட்டும். அப்புறம் கொல்லையில் நீள வாரோடு. அதற்கும் அப்புறம்தான் தெரு. மாடிப்படியும் மற்ற நாய்களோடு ஓட்டமும் கடைசி.

அடுத்த கால் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு முழங்காலில் இந்தத் தசைநார் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு, ஓரிரண்டு வருஷத்தில் மற்றதும் போகிறது. அதைத் தள்ளிப்போட நம் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் எடைதான். மாதம் ஒரு தடவை அரிசி மில்லில் மூட்டை எடை போடுகிற மேடையில் நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏறுங்கள். அப்புறம் தனியாக ஏறிக் கழித்துப் பாருங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தட்டுப்படுகிற அளவில் உடம்பு இருந்தால் அந்த எடையைக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஒரு கிலோ கூடினாலும் மறுநாளிலிருந்து சோற்றில் ஒரு பிடி குறைய வேண்டும்.